லாங் பிராஞ்ச் 1943: வாங்கலாமா? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது?

முதல்தோட்டா

வணக்கம். இத்தனை நாள் ஓரமாக நின்று படித்தவன், இப்போதுதான் வாயைத் திறக்கிறேன். உரிமம் கைக்கு வந்துவிட்டது. முதல் துப்பாக்கி பழைய ராணுவ ரைஃபிளாகத்தான் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு லீ என்ஃபீல்டு நம்பர் 4 (பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) வந்திருக்கிறது. ரிசீவரின் (குழலும் போல்ட்டும் வந்து சேரும் இரும்புப் பகுதி) இடது சுவரில் "லாங் பிராஞ்ச்" என்றும் 1943 என்றும் இருக்கிறது. மார்க் 1-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

விற்பவர் சொல்வது: "போரில் சுடவே இல்லை, பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தது." கட்டை முழுக்கக் கறுப்பு, தொட்டால் பிசுபிசு. இரும்பில் கறுப்புப் பெயின்ட் மாதிரி ஏதோ அடித்து, ஓரிடத்தில் உரிந்திருக்கிறது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது குழல்தான். விளக்கடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் பள்ளம். என்ஃபீல்டில் ஐந்து என்றுதானே படித்திருக்கிறேன்? மீதி மூன்றும் தேய்ந்து போய்விட்டதா? விட்டுவிடலாமா?

பழைய இரும்பு

தேயவில்லை தம்பி. தேய்ந்தால் ஐந்தும் சேர்ந்துதான் தேயும், கணக்குப் பார்த்து மூன்று மட்டும் மறையாது. போர்க்காலத்தில் வேலையைச் சுருக்க கனடாவின் லாங் பிராஞ்சிலும் அமெரிக்காவின் சேவேஜிலும் இரண்டு புரிக் குழல்களை ஏராளமாகச் செய்தார்கள். பிறவியிலேயே இரண்டு. அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு அது நன்றாகவே சுட்டது. இதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், விற்பவருக்கு விவரம் தெரிந்திருந்தால் சிரிப்பார்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்த நட்சத்திரக் குறிதான். மார்க் 1-இல் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் தண்டை, கழற்ற ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. நட்சத்திரம் போட்டதில் அதை எடுத்துவிட்டு, போல்ட் தலை ஓடும் வலது தண்டவாளத்திலேயே ஒரு வெட்டு வைத்தார்கள். போல்ட்டை இழுத்து, தலை அந்த வெட்டுக்கு நேரே வரும்போது மேலே திருப்பினால் வெளியே வந்துவிடும். செய்வதற்குச் சுலபம், கழற்றுவதற்கும் சுலபம். ஆனால் வருடக்கணக்கில் அடிபட்டு அடிபட்டு அந்த வெட்டின் ஓரம் பொடிந்துபோகும். பொடிந்தால் வேகமாக இயக்கும்போது போல்ட் தலை தானே துள்ளி வெளியே வரும். ஒழுங்காகச் சரிசெய்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

நகத்தை வைத்து அந்த வெட்டின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். கூர்மையான, நேரான விளிம்பு தட்டுப்பட வேண்டும். கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அளவுகோல்

மேலே சொன்னதோடு ஒன்று. போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு எண் இருக்கும். பின்கட்டை வந்து சேரும் இரும்பு சாக்கெட்டிலும் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இது வெறும் சேகரிப்பாளர் மோகம் இல்லை. போல்ட்டின் பின்புறத் தாங்கிகள் அந்தந்த ரிசீவருக்கே பொருத்தப்பட்டவை. வேறு ரைஃபிளின் போல்ட்டைப் போட்டால் நுழையும், மூடும், சரியாகத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

எண்கள் பொருந்தினாலும் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். .303 தோட்டா அதன் அடி விளிம்பில்தான் நிற்கிறது, அதனால் அளவெடுப்பதும் அந்த விளிம்பின் இடைவெளியைத்தான். 0.064 அங்குல அளவிக்கு போல்ட் மூட வேண்டும், 0.074 அளவிக்கு மூடக் கூடாது. ராணுவம் வைத்திருந்த எல்லை அது. இரண்டு விரலால் மட்டும் கைப்பிடியைத் தள்ளுங்கள், உள்ளங்கையால் அடித்து மூடினால் எந்த அளவியும் பொய் சொல்லும். இடைவெளி அதிகம் என்றால் உடனே மனம் உடைய வேண்டாம். நம்பர் 4-இன் போல்ட் தலை தனியாகக் கழலும், 0, 1, 2, 3 என்று நீளம் ஏறிக்கொண்டே போகும். ஒரு படி மேலே போனால் சரியாகிவிடுவது உண்டு. ஏற்கெனவே 3 போட்டும் இடைவெளி இருந்தால், அந்த ரைஃபிள் நிறைய வேலை பார்த்திருக்கிறது என்று பொருள்.

கண்ணாடிப் பெட்டி

"பெட்டியிலிருந்து அப்படியே" கதையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள், இரும்புக்கும் மரத்துக்கும் மட்டும் கொடுங்கள். முத்திரைகளைத் தேடிப் படியுங்கள், அவை விற்பவரைவிட நேர்மையானவை.

அம்புக்குறி ஒன்று 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், பிரிட்டன் அரசு தன் கையிருப்பிலிருந்து விற்றுக் கழித்தது. குழலில் "18.5 டன்" என்கிற மாதிரி ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தால், விற்பனைக்கு முன் பிரிட்டனில் வெடித்துச் சோதித்த முத்திரை. "எஃப்டிஆர்" என்று மூன்றெழுத்தும் பக்கத்தில் வருடமும் இருந்தால், தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் முழுக்கப் பிரித்து மேய்ந்து புதுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக "டிபி" இருக்கிறதா என்று பாருங்கள். கவாத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டதன் அடையாளம் அது. டிபி என்றால் சுடவே கூடாது, அவ்வளவுதான், அதில் விவாதமே இல்லை. சிலதில் சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் அறை) ஓட்டை போட்டிருப்பார்கள், சிலதில் வெளியே ஒன்றுமே தெரியாது.

அந்தக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிவிடாதீர்கள்! யாரோ வீட்டில் டப்பா வாங்கி அடித்ததாக நினைத்துப் பலரும் உரித்துவிடுகிறார்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவமே பாஸ்பேட் பூச்சுக்கு மேல் சன்கோரைட் என்கிற கறுப்புப் பெயின்ட்டைச் சூளையில் வைத்துச் சுட்டு அடித்தது. உங்களுடையது அதுவாக இருந்தால், அதுவும் அதன் சரித்திரம்தான்.

நிழல்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு ஒரு "ஜங்கிள் கார்பைன்" காட்டினார்கள். அதிலும் லாங் பிராஞ்ச் என்றுதான் இருக்கிறது. நல்ல விலை. பார்க்கலாமா?

பழைய இரும்பு

வேண்டாம். ஜங்கிள் கார்பைன் என்பது நம்பர் 5. உற்பத்தியில் வந்த நம்பர் 5 எல்லாமே இங்கிலாந்தில் ஃபசாகர்லியிலும் பிஎஸ்ஏ கம்பெனியின் ஷர்லியிலும் செய்தவை, 1944 முதல் 1947 வரை. லாங் பிராஞ்ச் என்று இருந்தால் யாரோ நம்பர் 4-ஐ வெட்டி, முனையில் ஒரு கூம்பை மாட்டியிருக்கிறார்கள். இனிமேல் பார்க்கும்போதும் நினைவிருக்கட்டும்: கைக்காப்பைக் கழற்றி, குழல் ரிசீவரில் சேரும் தடித்த பகுதியைப் பாருங்கள். அசலில் எடை குறைக்க அங்கே பள்ளம் பள்ளமாகக் குடைந்திருப்பார்கள், போல்ட் குமிழும் குடைந்திருக்கும். முனைக் கூம்பு அசலில் ஊசியடித்து நிற்கும், போலியில் பெரும்பாலும் ஒரு குட்டித் திருகு.

நிழல்

குட்டித் திருகுதான். நன்றி. என் பணம் பிழைத்தது.

முதல்தோட்டா

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்டவாள வெட்டு கூர்மையாக இருக்கிறது, இரண்டு ஓரமும் நேராக நிற்கின்றன. போல்ட் எண் சாக்கெட் எண்ணோடு பொருந்துகிறது. போல்ட் தலை 1. முன்கட்டையின் மூக்குக்கு அடியில் இருக்கும் எண் மட்டும் வேறு. டிபி எங்கும் இல்லை. சாக்கெட் பக்கத்தில், பிசுக்கைத் துடைத்த பிறகு, இரண்டு அம்புகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. குழலில் அந்த 18.5 டன் வரியும் இருக்கிறது.

"சுடாத துப்பாக்கி" என்றவரிடம் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். விலை தானாக இறங்கியது. காகித வேலை முடித்து வாங்கிவிட்டேன். இப்போது மேஜைமேல் கிடக்கிறது, வீடு முழுக்கப் பழைய கிரீஸ் வாசனை.

அடுத்து என்ன? முழுக்கப் பிரித்து, கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்தால் பளபளவென்று வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டி

உப்புத்தாளைத் தூக்கி வேறு அறையில் வையுங்கள். இப்போதே.

மரத்தூள்

நான் தச்சு வேலை செய்பவன், மரத்தைத் தேய்த்தே வாழ்பவன். நானும் அதையேதான் சொல்கிறேன். கட்டையில் இருக்கும் முத்திரைகள் ஒரு மயிரிழை ஆழம்தான். 120 நம்பர் தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் சோதனையாளர் முத்திரை போச்சு. இரும்போடு மரம் சேரும் இடங்களில் மரம் இரும்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். தேய்த்தவுடன் அது இரும்பைவிடத் தாழ்ந்துவிடும். தேய்த்த கட்டையை ஒரு அறை தள்ளியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிசுக்கை மட்டும் எடுங்கள். கறுத்த பிளாஸ்டிக் பையில் கட்டையைப் போட்டு வெயிலில் வைத்தால் உள்ளே ஊறிய கிரீஸ் வியர்த்து வெளியே வரும். துடையுங்கள், மறுபடி வையுங்கள். நாலைந்து முறை ஆகும், அவசரப்படாதீர்கள். மிச்சத்தை மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் போதும். அடுப்பு, ஹீட் கன், பாத்திரம் கழுவும் இயந்திரம் எதுவும் வேண்டாம். வால்நட் என்ன, பீச் என்ன, எல்லாம் வளையும்.

பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஆவி உள்ளே போய் நசுங்கிய நார் எழும்பும். முத்திரை இருக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முத்திரையும் நசுங்கிய நார்தானே, அதுவும் எழும்பிவிடும்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். இந்தக் கட்டைகளுக்கு ராணுவம் தேய்த்தது பச்சை ஆளி விதை எண்ணெய். கடையில் "கொதிக்க வைத்தது" என்று கிடைப்பதில் சீக்கிரம் உலர வைக்கும் சரக்கு கலந்திருக்கும், அது மேலே தோலாக நிற்கும். பச்சை எண்ணெயை லேசாகச் சூடாக்கி, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, கை சூடேறும்வரை தேயுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். உலர நாள் கணக்காகும், பொறுமை வேண்டும்.

அப்புறம், அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது சூடாகும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள். என் பட்டறையில் ஒரு கூடை புகைய ஆரம்பித்ததை மூக்கால் கண்டுபிடித்தவன் நான்.

கண்ணாடிப் பெட்டி

என்னைக் கேட்டால் எண்ணெயும் அவசரம் இல்லை. வறண்டு வெளிறிய கட்டைக்குத்தான் எண்ணெய். இவருடையது பிசுபிசுவென்று ஊறிக் கிடக்கிறது. கிரீஸை எடுத்துவிட்டு ஒரு மாதம் சும்மா விடட்டும். கறுப்பு எல்லாம் அழுக்கு இல்லை, எத்தனையோ பேர் கையின் நிறமும் அதில் இருக்கிறது.

மரத்தூள்

கை நிறம் சரி. ரிசீவர் உட்காரும் இடத்தில் எண்ணெய் ஊறினால் மரம் பஞ்சாகிவிடும், அங்கே மட்டுமாவது கிரீஸை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். சுடும்போது முழு உதையும் அங்கேதான் விழுகிறது. அழகுக்காக விட்டு வைத்தால் ஆறு மாதத்தில் கட்டை ஆடும்.

கண்ணாடிப் பெட்டி

அது நியாயம். நான் சுடுவதில்லை, அதனால் என் கண்ணுக்கு அது படவில்லை.

அளவுகோல்

முன்கட்டையை ஒரு முறை கழற்றுங்கள், ஆனால் அதைப் பொழுதுபோக்காக ஆக்கிவிடாதீர்கள். நம்பர் 4-இல் குழலின் முனைப்பக்கம் முன்கட்டையின் நுனிமேல் 2 முதல் 7 பவுண்டு அழுத்தத்தோடு உட்கார வேண்டும். குறி தப்பாமல் இருப்பது அதில்தான். உங்கள் முன்கட்டையின் எண் வேறு என்றீர்களே, அது பட்டறையில் மாற்றியதாக இருக்கும். ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் பயமில்லை. குழலின் முனையை மெல்லத் தூக்கிப் பாருங்கள், கொஞ்சம் எதிர்த்துவிட்டு எழும்பி, விட்டவுடன் திரும்ப உட்கார்ந்தால் நல்லது. கழற்றுமுன் அகலம் சரியாகப் பொருந்தும் திருப்புளி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் கூர்முனைத் திருப்புளி திருகின் தலையைத்தான் தின்னும்.

பழைய இரும்பு

இங்கே என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் 1917 தேதியிட்ட லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3* ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் பின்கட்டை லேசாக ஆடியது. பின்பக்கத் தகட்டைத் திறந்து, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு, பின்கட்டையைப் பிடித்து நிறுத்தும் நீண்ட போல்ட்டை இறுக்கலாமே என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த போல்ட்டின் முன்நுனி சதுரமாக இருக்கும். சாக்கெட்டைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்புறத்தில் இருக்கும் ஒரு தகட்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும், தானாகக் கழன்றுவிடாமல் இருக்க. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் சதுரம் சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். போர்க்களத்தில் தாங்கிய மரத்தை நான் மேஜைமேல் வைத்து ஒரு நிமிடத்தில் பிளந்தேன். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை. நம்பர் 4-இல் பிறகு வந்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உங்களுடையது எந்த ரகம் என்று வெளியிலிருந்து தெரியாது, ஆகவே அதே வரிசையில் போங்கள்.

முதல்தோட்டா

நல்லவேளை! நாளைக்கு அதைத்தான் செய்வதாக இருந்தேன். சரி, இரும்புக்கு? போல்ட்டின் அடியிலும் கைக்காப்புக்குக் கீழேயும் செந்துரு புள்ளி புள்ளியாக இருக்கிறது. அப்புறம் பழைய .303 தோட்டா கொஞ்சம் கிடைக்கும்போல் இருக்கிறது.

பழைய இரும்பு

துருவில் இரண்டு ஜாதி. தொட்டால் விரலில் ஒட்டும் செந்துரு உயிரோடு இருக்கிறது, தின்றுகொண்டே போகும். கெட்டியாக, வழவழவென்று இருக்கும் பழுப்பு அடங்கிப்போனது, அதை விட்டுவிடுங்கள். செந்துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மிக மெல்லிய 0000 ஸ்டீல் வுல்லால் மாவு தேய்ப்பதுபோல் தேயுங்கள். பெயின்ட்மேல் மட்டும் படக் கூடாது. கறுப்பு உரிந்த இடத்தில் மறுபூச்சு அடிக்காதீர்கள், எண்ணெய் தடவி விடுங்கள்.

பழைய தோட்டா என்றால் அது அரிக்கும் ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக, கிட்டத்தட்ட சாப்பாட்டு உப்பு மாதிரி, குழலுக்குள் படியும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஒரே ராத்திரியில் செந்துரு வரும். இதற்கு எண்ணெய் எத்தனை ஊற்றினாலும் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீர்தான். ராணுவத்திலேயே இதற்கென்று ஒரு புனல் கொடுத்தார்கள், சேம்பர் வழியாகக் கொதிநீரை ஊற்ற. கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் ஊற்றினால் உப்பும் போகும், குழல் சூடாகித் தானே உலர்ந்தும் விடும். அப்புறம் துடைத்து எண்ணெய். போல்ட் முகத்தையும் மறக்காதீர்கள்.

கயிறு கட்டி இழுத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அழுக்குக் கயிறு குழல் வாயை ஒரு பக்கமாக அறுத்துவிடும், அந்த வாய் போனால் குறியும் போயிற்று. போல்ட்டை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து ஒரே துண்டான உறை போட்ட கம்பியால் சுத்தம் செய்யலாம். இந்த வசதி எல்லா ரைஃபிளுக்கும் கிடையாது.

கண்ணாடிப் பெட்டி

வைப்பதைப் பற்றி: ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். தோல் வாரைக் கழற்றித் தனியாக வையுங்கள். தோலிலிருக்கும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை வரவழைக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலையாக இருந்தால் மரத்துக்கும் இரும்புக்கும் ஒத்துப்போகும். இரும்புக்காக மேலும் காயவைத்தால் மரம் விரிசல் விடும். எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கும்போது ஒரு துணியால் துடையுங்கள், கை ரேகை அப்படியே துருவாக எழும்பியதை என் ஒரு ரைஃபிளில் இன்றைக்கும் பார்க்கலாம், கட்டைவிரல் அடையாளமே எடுக்கலாம். அருங்காட்சியகக்காரர்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு பூச்சு நல்லது, எண்ணெய்போல் வழியாது.

அளவுகோல்

சட்டப்படி போல்ட்டைத் தனியே பூட்டி வைப்பவர் என்றால் அதில் ஒரு சீட்டு கட்டுங்கள். இரண்டாவது என்ஃபீல்டு கட்டாயம் வரும். வந்ததும் போல்ட் மாறும்.

முதல்தோட்டா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிரீஸ் வந்துவிட்டது, உள்ளே நல்ல வால்நட். முத்திரைகள் எல்லாம் இருக்கின்றன, இஸ்திரிப் பெட்டியை ஒரே ஒரு பள்ளத்துக்கு மட்டும் எடுத்தேன். அளவி 0.064-க்கு மூடியது, 0.074-க்கு நின்றுவிட்டது. பின்கட்டையை இன்னும் தொடவில்லை.

ஆனால் பின்பக்கத் தகட்டில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறதே, அதைத் திறந்தேன். உள்ளே ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி, அதைச் சுற்றி ஒரு கந்தல் துணி. குப்பியை ஆட்டினால் உள்ளே ஏதோ சளசளக்கிறது. மூடி அசையவே இல்லை. குறடால் பிடித்துத் திருகட்டுமா?

பழைய இரும்பு

குறட்டையும் அந்த உப்புத்தாள் இருக்கும் அறையிலேயே வையுங்கள். மூடியை மட்டும் வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள், ரப்பர் துண்டால் பிடித்துத் திருப்புங்கள். வராவிட்டால் மறுபடி வெந்நீர்.

மரத்தூள்

அந்தக் கந்தலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதல்தோட்டா

மூன்றாவது வெந்நீரில் வந்துவிட்டது. மூடியோடு சேர்ந்த கரண்டியில் தேன் நிறத்தில் எண்ணெய், இன்னும் கட்டியாகவில்லை. மூடி மேஜைமேல் இருக்கிறது, கந்தல் திரும்ப உள்ளே போய்விட்டது.